பதினொரு நிமிட விளக்கு

உட்காருங்க, கூப்பிடுவாங்க என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் போய் இருபது நிமிடமாகிறது. கூப்பிடட்டும், எனக்கென்ன அவசரம். இருபத்துநான்கு வருடமாக இந்த வளாகத்துக்குள் வந்து போகிறேன், ஒரு நாள்கூட நிர்வாகக் கட்டடத்து பெஞ்சில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. பெஞ்சின் மூன்று கால்தான் தரையைத் தொடுகிறது, நாலாவது கால் நான் மூச்சு விட்டால்கூட டொக் என்கிறது. ஃபினாயில் வாசனை வேறு. எதிரே மூடிய கதவு. கதவுக்குப் பின்னால் தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் விசாரணை அதிகாரி, தஸ்லிமா என்று பெயர், வாணியம்பாடிக்காரராம், நாற்பதுகூட ஆகியிருக்காது என்கிறார்கள். அவர் முன்னால் ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு வரி ஆங்கிலத்தில் அடித்திருக்கும், நேற்றே சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜையன்று சோதனைக் கூடத்துக் கணினியின் முத்திரையைக் கிழித்து அனுமதியில்லாத பொருளைச் செருகியது துப்புரவுப் பணியாளர் செசிலி, இதை நான் பார்த்தேன். இவ்வளவுதான். அதன் கீழே எழிலரசி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் இடத்துக்குப் போய்விடலாம், டப்பாவில் வெண்டைக்காய் இருக்கிறது. போடாவிட்டால் கூடத்துக்குள் இனிமேல் கால் வைக்க விடமாட்டார்கள், அதோடு என் இருபத்துநான்கு வருடமும் போச்சு. இதில் எனக்கு இருக்கிற ஒரே சங்கடம், அதைச் செருகியது நான் என்பது.

கை போய்விட்டது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன், மனசு போகவில்லை, கை தானாகப் போய்விட்டது. எங்கள் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அதற்குத் தீவு என்று பேர் வைத்திருக்கிறோம், ஏனென்றால் இணையம் உட்பட வெளியிலிருந்து எந்த ஒயரும் அதற்குள் போகாது. இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்போம், சாவி என் பொறுப்பு. அந்தத் தீவு சோதித்துச் சரி என்று சொன்னால்தான் பெட்டி எங்கள் கூடத்தை விட்டு வெளியே போகும். பெட்டி என்றால் என்ன பெட்டி என்று கேட்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. கல்யாணமான புதுசில், என்னதான் பண்ற அங்க, மிக்ஸி ரிப்பேரா என்று கேலி பண்ணுவார், ஆமாம் கிரைண்டரும் பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன், இன்றைக்கு வரைக்கும் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு அந்தப் பேர் இருக்கிறது. பழகிப் பழகி இப்போது என் மனசுக்குள்ளே நினைக்கும்போதுகூட அதன் நிஜப் பெயர் வருவதில்லை, பெட்டி என்றுதான் வருகிறது. இவ்வளவு பத்திரமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன், கையைக் கட்டி வைக்க மறந்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவளே நான்தான். தெரியாத எதையும் தீவில் செருகாதே என்று போன வருடம் சுவரொட்டி எழுதி ஒட்டியதும் நானே. அந்தச் சுவரொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன். இதைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற அம்மாளிடம் சொன்னால் சிரிப்பார், சிரிக்கட்டும், அவர் இடத்தில் இருந்தால் நானும்தான் சிரிப்பேன்.

ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, ஏன் கை போனது. எங்கள் வளாகத்துக்குள் தீக்குச்சி உரசக் கூடாது. ராணுவத்துக்குப் பொருள் செய்கிற இடம், காரணம் சொல்லத் தேவையில்லை. வாசலில் தீப்பெட்டி, லைட்டர், ஊதுபத்தி எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஆயுத பூஜையில் கற்பூரம் கிடையாது, குத்துவிளக்குக்குத் திரி கிடையாது. பொரி, கடலை, வாழைக்கன்று, மாவிலை, மிஷினுக்கு மிஷின் சந்தனம் குங்குமம் எல்லாம் உண்டு, பூசணிக்காய் மட்டும் வெளி கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உடைப்போம். தீபத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் விளக்கு, பிளக் வைத்தது, பத்து வருடமாக அதுதான் சரஸ்வதிக்கு. அது இந்த வருடம் உயிரை விட்டது. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பஜாரில் நானே போய் வாங்கினேன். கடைக்காரர், "பிளக் மாடல்லாம் இப்ப வர்றதே இல்லக்கா, எல்லாம் யூஎஸ்பிதான், ஃபோன் சார்ஜர்ல சொருகிக்கலாம்" என்றார். சரி என்று வாங்கி வந்துவிட்டேன். ஃபோனே உள்ளே கொண்டுபோகக் கூடாத இடத்தில் ஃபோன் சார்ஜர் எங்கிருந்து வரும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுநாள் வாசலில் சோதனை போட்ட காவலர் என் பையைப் பிரித்து விளக்கைப் பார்த்தார். அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, கேமரா, பென் டிரைவ், கைக்கடிகாரம், தீப்பெட்டி என்று நாற்பது பொருள். விளக்கு அதில் இல்லை. மனுஷன் பூட்ஸ் போட்ட காலை இரண்டடி பின்னால் வைத்து, கையை மட்டும் நீட்டி விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கொண்டு போங்கம்மா, எங்களுக்கும் பொரி எடுத்து வைங்க" என்றார். நாட்டின் காவல் வாசலை அந்த விளக்கு அப்படித்தான் தாண்டியது.

உள்ளே வந்தால் செருக இடமில்லை. கோலம் முடிந்துவிட்டது, எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள், துணைப் பொது மேலாளர் கோதண்டபாணி சார் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்துவிட்டார், நல்ல நேரம் பதினொன்றுக்கு முடிகிறது. கோலம் போட்டது செசிலி. காண்ட்ராக்டில் துப்புரவுக்கு வருகிறவள், கழுத்தில் வேளாங்கண்ணி மாதா படம், ஆனால் எங்கள் கூடத்தில் அவளை விட்டால் ஒழுங்காகப் புள்ளி வைக்க ஆள் கிடையாது, எட்டு வருடமாக அவள்தான். விளக்கைக் கையில் ஏந்தி நிற்கிறாள், ஒயர் தொங்குகிறது, "எங்க மேடம் சொருகறது" என்கிறாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது, தீவுக்குச் சந்தனம் வைக்க நான்தான் திறந்தேன், வருடா வருடம் செய்வதுதான். திறந்த கதவுக்குள் தீவின் பக்கவாட்டில் ஒரு துளை தெரிந்தது. ஒயரை அவள் கையிலிருந்து வாங்கினேன், செருகினேன். விளக்கு எரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்தது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான். பொரி கொடுத்தோம். வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டு திரும்பும்போதுதான் ஒயரைப் பார்த்தேன், ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பத்து நாற்பத்திரண்டிலிருந்து பத்து ஐம்பத்துமூன்று வரைக்கும், பதினொரு நிமிடம். தன்னைத் தொட்ட எதையும் தீவு குறித்து வைத்துக்கொள்ளும், அதை அப்படி அமைத்த குழுவில் நானும் இருந்தேன். அப்புறம் என்ன செய்தேன். ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விளக்குதானே, விளக்குக்கு என்ன தெரியும் என்று ஒன்பது நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், டிவி பார்த்தேன். மாதாந்திரத் தணிக்கையில் அந்தப் பதினொரு நிமிடம் அகப்பட்டபோதும், யார் என்று தணிக்கைக்காரர் கேட்டபோது, பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னேன்.

விளக்குக்கு என்ன தெரியும். இதற்கு இன்னும் பதில் வரவில்லை. பிரித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நிறம் மாற ஒரு சில்லு வேண்டும், அது இருக்கும், அதோடு வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லாமலும் போகலாம், இருந்தும் தொலைக்கலாம். இந்தக் காலத்தில் எதை நம்புவது. பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குள் சில்லு, பொம்மைக்குள் சில்லு, எங்கள் அடுக்ககத்து லிஃப்டுக்குள் கேமரா, அந்தப் படம் எந்த ஊர் கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறது என்று செக்ரட்டரியைக் கேட்டால், "அது கிளவுடுல இருக்குங்க" என்று மேலே கையைக் காட்டுகிறார், மொட்டை மாடியில் இருப்பது மாதிரி. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, துணிக்கடையில் பில் போடும் பெண் ஃபோன் நம்பர் என்று வாயெடுத்தால் போதும், நம்பர், கல்யாண நாள், இரண்டு பேருடைய பிறந்த நாள் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பையை வாங்குவார். "என்ன, நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு" என்பார். உங்ககிட்ட இல்லைங்க, உங்க பெண்டாட்டி எங்கே வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்குப் புறப்படுகிறாள், எந்த பஸ், எந்த நாளில் லேட்டாக வருகிறாள் என்று யாராவது துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தால் அது ரகசியம்தான் என்று சொன்னால், உனக்கு ஆபீஸ் புத்தி வீட்டிலும் போகாதா என்பார். போகாது. தினமும் வாசலில் ஃபோனை மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வரும்போது எனக்குத் தலையிலிருந்து ஒரு கூடை இறங்கின மாதிரி இருக்கும். நான் எங்கே நிற்கிறேன், என்ன பார்க்கிறேன், எதில் இரண்டு வினாடி அதிகமாக நின்றேன் என்று எட்டு மணி நேரம் எந்தக் கடைக்காரனுக்கும் தெரியாது. ஊரிலேயே காவல் அதிகமான இடத்தில்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அந்த இடத்துக்குள் ஒரு ஓட்டையை நானே போட்டேன் என்று நினைத்தால் முட்டி வலிகூட மறந்துபோகிறது. இல்லை, இரு. போட்டது நானா. அந்த ஓட்டையை நான் போடவில்லை, போட்டிருந்த ஓட்டையில் விரலை விட்டேன். இரண்டும் ஒன்றில்லை. இதை நன்றாகப் பிடித்துக்கொள், எழில், உள்ளே போனதும் நடுக்கத்தில் விட்டுவிடாதே.

காலடிச் சத்தம். கோதண்டபாணி சார். கையில் ஃபைல் இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம், இன்றைக்கு வெறுங்கையோடு வந்து என் பக்கத்தில் உட்காராமல் குனிந்து நிற்கிறார், ஜவ்வாது வாசனை. "எழில்மா, டீ சாப்பிட்டியா?" என்கிறார். சாப்பிட்டேன் சார். "ஒண்ணும் பதட்டப்படாத. ரெண்டே வரி. படிச்சுக்கூடப் பாக்க வேணாம், போட்டுட்டுப் போயிட்டே இரு." "அது பொய் சார்" என்கிறேன், குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வருகிறது. அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். "பொய்யின்னு ஏன் நெனைக்கிற? விளக்கு யாரு கையில இருந்துச்சு? அவ கையிலதானே. காண்ட்ராக்ட் டிசம்பரோட முடியுது, எப்படியும் போகப்போற பொண்ணு. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உனக்கு அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு, எனக்கு ஏழு மாசம். யோசிச்சுப் பாரு." நான் அவர் முகத்தைப் பார்த்து, "முத்திரை சார்?" என்று மட்டும் கேட்கிறேன். அவர் கண் இமைக்கவில்லை. "தொடைக்கும்போது கிழிச்சிருப்பா" என்கிறார். "ஜூலையில நான் ரெஜிஸ்டர்ல எழுதினேனே சார்" என்கிறேன். "ரெஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா" என்று தோளைத் தட்டிவிட்டு அறைக்குள் போகிறார். கதவு திறந்து மூடுகிற இடைவெளியில் ஒரு மேஜையும் நீல நிறத் துப்பட்டாவும் தெரிந்தன. பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம். பன்னிரண்டு வருடத்து ரெஜிஸ்டர் தாள் தாளாகக் கழன்று தொங்கியபோதெல்லாம் ஒரு கோந்து பாட்டிலுக்குக் கையெழுத்துப் போடாதவர், இந்த வாரம் பைண்டிங்குக்கு அனுப்பியிருக்கிறார்.

ஜூலை. தீவின் எல்லாத் துளைகளிலும் சிவப்புத் தாள் முத்திரை ஒட்டியிருக்கும், கிழித்தால் கிழித்தது தெரியும். அதிலிருந்து ஒரு அறிக்கையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் தனி முறை உண்டு, இரண்டு பேர் கையெழுத்து, தனிச் சோதனை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். மேலிடத்திலிருந்து வந்தவர்களுக்கு மறுநாள் காலை ஸ்லைடு காட்ட வேண்டும் என்று கோதண்டபாணி சாருக்கு அவசரம். வாசலில் யாரும் சோதிக்காத தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார், நகத்தால் முத்திரையைக் கிழித்தார், செருகினார். திரையில் அவர் மகள் கல்யாண வீடியோவின் பெயர் வந்தது, வரவேற்பு ஒன்று, வரவேற்பு இரண்டு என்று. நான் பக்கத்தில் நின்றேன். "சார், வேண்டாம் சார்" என்றேன். "எல்லாம் நம்ம பென் டிரைவ்தாம்மா, வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டதுதான்" என்றார், அதுதான் பயமே என்று அவருக்கு எப்படிச் சொல்வது. மறுநாளும் அதையே கொண்டுவந்து, ஒரு திருத்தம் என்று மறுபடி செருகினார். ரெஜிஸ்டரில் தேதி போட்டு எழுதினேன், முத்திரை கிழிந்துள்ளது, புதிது ஒட்டவும் என்று. ஒட்டவில்லை. தீவின் பதிவும் அறுபது நாளைக்கு மேல் நிற்காது, பழையது தானாக அழிந்துவிடும், ஜூலை அழிந்தாயிற்று. இப்போது அந்த ஜூலை என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. செசிலி கிழித்தாள் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும், விளக்கை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள், விளக்கில் ஒன்றுமில்லை என்று வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். அந்தப் பென் டிரைவை யாரும் தேடமாட்டார்கள், அந்த வீட்டுக் கம்ப்யூட்டரை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள், ஜூலையிலிருந்து தீவு சரி என்று சொல்லி அனுப்பிய பெட்டிகளைத் திருப்பி அழைக்கமாட்டார்கள். எத்தனை பெட்டி என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அவற்றில் ஒன்றை நம்பி எங்கேயோ எல்லைப் பனியில் ஒருவன் காவல் உட்கார்ந்திருக்கிறான். அது சரியாக வேலை செய்யும் என்று எழுதி அனுப்பியது என் கையெழுத்து. அதே கையெழுத்தை இந்தத் தாளிலும் போட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கையெழுத்தை நம்பி அவன் அங்கே உட்காருவது. இருந்தாலும் போட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை, தோன்றுகிறது, இதோ இந்த நிமிடமும் தோன்றுகிறது. ஆபீஸில் ஒரு கையெழுத்துச் சிக்கல் என்று மட்டும் சொன்னதற்கு நேற்று வீட்டுக்காரர் சொன்னார், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க, எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க." எல்லாரும் இருக்கட்டும். அட்ஜஸ்ட் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஜூலையில் அந்தத் துளை திறந்தே கிடந்தது. நான் ரெஜிஸ்டரில் எழுதினேனே என்று பெருமைப்பட்டுக்கொள்கிறேன், எழுதிவிட்டு மூன்று மாதம் என்ன செய்தேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்போது கத்தியிருந்தால் இப்போது என் கை போக ஒரு துளையே இருந்திருக்காது.

பெஞ்சு டொக் என்கிறது. பக்கத்தில் செசிலி வந்து உட்காருகிறாள், ஓரமாக, விழுந்துவிடுகிற மாதிரி. எட்டு வருடத்தில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை, இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. "காலைலயே என்னைக் கூப்ட்டாங்க மேடம். போட்டாச்சு" என்கிறாள். "என்ன போட்ட?" "கையெழுத்து. சார் குடுத்த தாள்ல. அந்த அம்மா, இது உங்க கையெழுத்துதானான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அவ்ளோதான், வெளிய உக்காருன்னுட்டாங்க." "என்ன எழுதியிருந்துச்சு, செசிலி?" "இங்கிலீஷ்ல இருந்துச்சு. விளக்கைப் புடிச்சது நான்தான்னு இருக்குன்னு சார் சொன்னாரு. புடிச்சேன்ல மேடம், அதுல என்ன பொய்யி. அதைப் போட்டா டிசம்பருக்கு அப்புறமும் வேலை இருக்கும்னாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொல்கிறாள், "நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க. நீங்க சொருகினதை நான் யாருகிட்டயும் சொல்லல." ஐயோ. எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்து, தன்னையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, எனக்கு தைரியம் சொல்கிறாள். கோலமாவு ஒட்டிய நகம், பன்னிரண்டு நாளாகியும் போகவில்லையா, இல்லை அது சுண்ணாம்பா, எதையோ பார்க்கிறேன், அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருந்தது, அப்புறம் காது சூடாகிவிட்டது, எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். எனக்கு மேலே இருக்கிறவர்களிடம் இருபத்துநான்கு வருடமாக சரி சார், சரி சார் என்று சொல்லியே தேய்ந்த நாக்கு இது. நாட்டுக்காக ரகசியம் காத்தேன், அதில் எனக்குப் பெருமைதான், சாகிற வரைக்கும் காப்பேன். ஆனால் கோதண்டபாணி சாருடைய நகத்தைக் காப்பதாக நான் எந்தப் பிரமாணமும் எடுக்கவில்லை. இவருடைய சோம்பேறித்தனத்துக்கும் தேசப் பாதுகாப்பு என்று பேர் வைத்து என்னை வாயை மூடச் சொல்கிறார்கள். மூடமாட்டேன்.

கதவு திறக்கிறது, "எழிலரசி மேடம்" என்கிறார் அட்டெண்டர். எழுந்திருக்கிறேன், முட்டி ஒரு தடவை கத்திவிட்டு அடங்குகிறது. உள்ளே ஏசி குளிர். தஸ்லிமா நிமிர்ந்து பார்க்கிறார், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஓரமாக நாற்காலியில் கோதண்டபாணி சார். "உக்காருங்க. செசிலி ஏற்கெனவே ஒத்துக்கிட்டாங்க, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்" என்று தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறார் தஸ்லிமா. அதே இரண்டு வரி. கூடவே இன்னொரு தாள், அது செசிலியுடையது, அதில் ஏழெட்டு வரி இருக்கிறது, கீழே கோணலாகத் தமிழில் கையெழுத்து. அதைப் படிக்கிறேன். படித்துவிட்டு உட்காராமல் நிற்கிறேன். "மேடம், இதை அவளுக்குத் தமிழ்ல ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டும் அவ ஆமான்னா, நான் போடறேன்." கோதண்டபாணி சார், "அதெல்லாம் முறையில கெடையாதும்மா" என்கிறார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தஸ்லிமா பேனாவை மூடி வைக்கிறார். அப்புறம் அட்டெண்டரிடம், "அவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்கிறார். செசிலி வருகிறாள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி. தஸ்லிமா தாளைக் கையில் எடுத்து நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார், செசிலி ஆகிய நான், கணினியின் முத்திரையைக் கிழித்து, நாட்டின் பாதுகாப்புக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே, அனுமதியில்லாத பொருளைச் செருகினேன், இதை என் சுய விருப்பத்தின் பேரில் ஒத்துக்கொள்கிறேன். செசிலி முதலில் என்னைப் பார்க்கிறாள், அப்புறம் கோதண்டபாணி சாரைப் பார்க்கிறாள். "தெரிஞ்சேவா?" என்கிறாள். "நாட்டுக்குத் தீங்குன்னா, சார், ஜெயில்ல போடுவாங்களே. எம்புள்ள நாளைக்குப் போலீசுல சேரணும்னு தெனமும் ஓடிப் பழகிக்கிட்டிருக்கா சார். விளக்கைப் புடிச்சேன்னுதானே சொன்னீங்க? இது நான் சொன்னது இல்லீங்க, அம்மா." அவள் குரல் உடைகிறது, ஆனால் அழவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறாள். "எழில்மா" என்கிறார் கோதண்டபாணி சார், குரலில் ஜவ்வாது வற்றிவிட்டது, "யோசிச்சுப் பேசு." "யோசிச்சுட்டேன் சார். வெளிய ஒரு மணி நேரமா அதைத்தான் செஞ்சேன்." என் பக்கம் தள்ளியிருந்த இரண்டு வரித் தாளைக் கவிழ்த்து வைத்தேன். "புதுத் தாள் எடுங்க மேடம். தமிழ்லயே சொல்றேன், தமிழ்லயே எழுதுங்க, எழுதினதை எங்க ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டுங்க. விளக்கை வாங்கினது நான். அலமாரியைத் திறந்தது நான். செருகினதும் நான், ஒன்பது நாள் சொல்லாம இருந்ததும் நான்தான்." தஸ்லிமா பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் கேட்கிறார், "இதை நான் எழுதிட்டா இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க கூடத்துக்குள்ள போக முடியாது. வேலை திரும்பக் கெடைக்குமான்னும் என்னால சொல்ல முடியாது. புரியுதா?" புரிகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "புரியுது. எழுதிட்டீங்களா? அடுத்தது ஜூலை மாசம். அதையும் எழுதுங்க."